துருவம் வரை

"இந்தத் தடவையும் திரும்பி வந்துட்டேன் அம்மா" என்றார் ஆவுடையப்பன்.

தில்லைநாயகி அம்மா ஆசிரமத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இந்த மலைக்கு வருமுன் செயற்கைக்கோள்களுக்குக் கருவி செய்தவர்.

"தம்பி வீடு வரைக்கும் போனீங்களா?"

"போனேன். முதல்ல தெப்பக்குளத்தைச் சுத்தினேன். டீ குடிச்சேன். அப்புறம் அவன் தெருவைச் சுத்தினேன். அப்புறம் அவன் வீட்டையே. வாசலுக்கு வந்தா கால் நகரலை. உள்ளே அவன் இருமினது கேட்டுது. அப்பா இருமின மாதிரியே."

"வாங்கிட்டுப் போன பழம்?"

"திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தின்னுட்டேன்."

அம்மா சிரித்துவிட்டார்.

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சை முதலில் நிறுத்தியது யார் என்பதுகூட அவருக்கு மறந்துவிட்டது. தம்பியின் முகம் மட்டும் மறக்கவில்லை.

"இவ்வளவு ஆசை இருக்கே. பின்னே எது என்னைத் திருப்புது?"

அம்மா வானத்தைப் பார்த்தார்.

"அங்கே மின்சாரம் ஏறின துகள்கள் இருக்கு. பூமியோட காந்தத்துல மாட்டிக்கிட்டது. காந்தத்தோட கோடுகளைச் சுத்திச் சுத்தித்தான் நகரும். துருவம் நெருங்க நெருங்கக் காந்தம் வலுக்கும், சுத்து இறுகும். முன்னே போற வேகமெல்லாம் சுத்துறதுலேயே தீர்ந்துடும். பூமி கண்ணெதிரே இருக்கும். அங்கேயிருந்து திரும்பிடும்."

"அப்புறம்?"

"அடுத்த துருவம். அங்கேயும் இதே கதை."

"ஒண்ணுகூட இறங்காதா?"

"இறங்கும். சுத்துறதைக் குறைச்சு நேரா வர்றது."

"இறங்கினா?"

"காத்துல மோதும். வந்தபடி மிஞ்சாது." ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார். "அந்த இடத்துல கொஞ்சம் வெளிச்சம் வரும்."

ஆவுடையப்பன் எழுந்தார். இறக்கி வைத்த பையை மறுபடி எடுத்தார்.

மலையிறங்குகிறவர்கள் வாசலில் நிற்கும் வேம்பை மூன்று முறை வலம்வந்துவிட்டுப் புறப்படுவது அங்கே வழக்கம். அவர் மரத்தை நோக்கித் திரும்பினார்.

அம்மா கீரை முறத்தோடு எழுந்து போய், மரத்தைச் சுற்றி நடந்து நடந்து விழுந்திருந்த தடத்தின் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, வலம் வரணுமே..."

"பஸ் போயிடும்."

ஆவுடையப்பன் மரத்தைச் சுற்றாமலே மலையிறங்கினார்.

சாயங்காலம், டீக்கடையில் நிற்காமல், வெறுங்கையோடு போய்த் தம்பியின் கதவைத் தட்டினார்.

உள்ளே இருமல் பாதியில் நின்றது.

"யாரு?"

பதில் சொல்லத் தொண்டையைச் செருமப்போனவருக்கு இருமல்தான் வந்தது.

"அண்ணனா?"