வீட்டிலிருந்து ஒரு சொல்

தற்காலிக ஆசிரியை தெய்வானை பெயர் வாசித்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் "உள்ளேன்" என்று சொல்லமாட்டார்கள்; ஆளுக்கொரு சொல்லை வீட்டிலிருந்து கொண்டுவந்து கத்துவார்கள். "உரலு!" "வெள்ளாடு!" "கொசுவலை!" அம்மா செத்ததிலிருந்து இசக்கி மட்டும் வாயே திறப்பதில்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி அரங்கநாயகத்துக்குத் தகரத்தில் ஆணி கீறுகிற குரல். "என்னம்மா இது, ஏலக்கடையா? பேரு வாசிச்சும் வாயே திறக்காத அந்தப் பொண்ணை இப்பவே பேச வையுங்க. இல்லேன்னா நாளைலேர்ந்து நீங்க வரவேண்டாம்!"

தெய்வானை கைகட்டி நின்றாள். "சரிங்க சார். ஆனா எங்க வகுப்புல சொல்லு கேக்குறவங்க முதல்ல ஒண்ணு குடுக்கணும்."

"கற்றல் விளைவு!" என்றார் அதிகாரி.

"அது ஃபைல்ல உள்ளது சார்! வீட்ல உள்ளதைச் சொல்லுங்க!" பிள்ளைகள் அதே தகரக்குரலில் திருப்பிக் கத்தினார்கள்.

அரங்கநாயகம் யோசித்தார். கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. உள்ளே சாவி கிணுங்கியது.

"பூட்டு," என்றார். "சாயங்காலம் போனா அதுதான் தொங்கும். வேற யாரும் இல்ல."

குரலில் தகரத்தைக் காணோம். பிள்ளைகளும் சிரிக்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது. "எங்க வீட்லயும் அதான் சார்."

இசக்கி!

அதிகாரி போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தெய்வானை பதிவேட்டைத் திறந்து, இரண்டு பேருக்கும் வருகை போட்டாள்.