பேய்க்குதிரையின் வழக்கு

நாச்சியாருக்கு அநியாயம் நடந்தது. செய்தவன் ரகுநந்தன், பல்கலைக்கழகச் சதுரங்க அணியின் கேப்டன்.

அணித் தேர்வை இணையத்தில் வைத்தார்கள். நாச்சியார் அங்கே 'பேய்க்குதிரை' என்ற பெயரில் ஆடுகிறவள். அந்தப் பெயரைத் திரையில் கண்டாலே பாதிப் பேருக்குக் கை தடுமாறும். தேர்வில் ரகுநந்தனை இரண்டு ஆட்டத்திலும் தோற்கடித்து முதலிடத்தில் நின்றாள்.

மறுநாள் காலையில் ரகுநந்தன் தேர்வுக் குழுவிடம் போய் நின்றான்.

"இந்த வேகத்துல மனுஷங்க ஆட முடியாது சார். பக்கத்துல ஒரு ஃபோன், அதுல செஸ் மெஷின். அது சொல்லச் சொல்ல இவ நகர்த்தியிருக்கா."

சாட்சி? கிடையாது. ஆதாரம்? அதுவும் கிடையாது. குழுவின் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"குதிரையை அந்த இடத்துல வைக்கணும்னு எப்படிம்மா தெரிஞ்சது?"

"தோணுச்சு சார்."

சிரித்தார்கள். பெயரை அடித்தார்கள். வேண்டுமானால் அடுத்த மாதம், எல்லார் முன்னாலும், ரகுநந்தனோடு நேரில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடி நிரூபிக்கட்டும் என்றார்கள்.

பழி போட்டவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பழி சுமந்தவள் நிரூபிக்க வேண்டும். என்ன நியாயம் இது?

இந்தக் கொதிப்போடுதான் அவள் கொரட்டி அக்காவின் கதவைத் தட்டினாள்.

*

மரிய கொரட்டிக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பகலில் வங்கி வேலை. மாலையில் சதுரங்கம். பார்வையுள்ளவர்களின் போட்டிகளிலும் உட்கார்ந்து, பெரிய பெரிய ஆட்களை அழ வைத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறவள். நாச்சியாரைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள்.

"யாரு கதவை இந்தப் போடு போடுறது?"

"அக்கா, ஒருத்தனை நேருக்கு நேரா உட்கார்ந்து தோற்கடிக்கணும். கத்துக் குடுங்க."

"அவன் என்ன பண்ணினான்?"

நாச்சியார் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

கொரட்டி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"நீ ஜெயிச்ச ஆட்டத்தைச் சொல்லு."

"முதல்ல ராஜா சிப்பாயைத் தள்ளினேன். அப்புறம் குதிரையை எடுத்தேன். அப்புறம் ராணியை வெளியில கொண்டுவந்தேன். அப்புறம்..."

"நடுவுல அவன் என்ன ஆடினான்?"

"அவனா? ஏதோ சிப்பாயைத் தள்ளினான்."

"எந்தச் சிப்பாய்?"

நாச்சியார் யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

"ஏட்டி, நீ தனியாவா ஆடின?"

"ஜெயிச்சேன்ல?"

"அதைத்தான் அவனும் சொல்றான். எப்படின்னுதான் ரெண்டு பேருக்கும் தெரியல."

நாச்சியாருக்குச் சுருக்கென்றது.

"நான் அந்தக் குழுவுல இருந்திருந்தா, நானும் உன் பேரை அடிச்சிருப்பேன்" என்றாள் கொரட்டி.

நாச்சியார் எழுந்து போய்விட்டாள். கதவு முன்பு தட்டியதைவிடப் பலமாகச் சாத்திக்கொண்டது.

*

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தாள்.

"நீங்க சொன்னது தப்புன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்."

"உட்கார்ந்து சொல்லு."

மேஜைமேல் இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்று சாதாரணப் பலகை. இன்னொன்றில் கட்டத்துக்குக் கட்டம் துளை. காய்களின் அடியில் சிறு ஆணி. கறுப்புக் கட்டங்கள் கொஞ்சம் மேடு. கொரட்டி அதை விரல்களால் பார்ப்பாள்.

"ஆளுக்கொரு பலகை. நான் ஆடுறதை வாயால சொல்வேன். நீ அதைத் திருப்பிச் சொல்லி, உன் பலகையில வைக்கணும். அதுக்கப்புறம்தான் உன் முறை. எங்க போட்டியில இதுதான் சட்டம்."

"சரி."

"குதிரை, ஃபெலிக்ஸ் மூணு."

"ஃபெலிக்ஸ் யாரு?"

"எஃப் வரிசை, மூணாவது கட்டம். பி, சி, டி எல்லாம் காதுக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும். அதனால வரிசைக்கு ஒரு ஆள். அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர்."

"நல்ல குடும்பம்தான். சிப்பாய், டேவிட் அஞ்சு."

"முதல்ல என்னோடதைச் சொல்லு."

"அதான் கேட்டேனே!"

"கேட்டது உனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

"குதிரை ஃபெலிக்ஸ் மூணு. போதுமா? சிப்பாய் டேவிட் அஞ்சு."

இப்படியே போயிற்று. கொரட்டி வாயைத் திறக்கும்போதே நாச்சியாரின் விரல் அடுத்த காயின்மேல் இருக்கும். இணையத்தில் அது அவளுடைய பெருமை. எதிராளி நகர்த்துமுன்பே தன் பதிலைச் சொடுக்கி வைத்துவிடுவாள். எதிராளியின் நேரம் கரையும். அவன் பதறுவான். பதறுகிறவனைக் குத்துவாள்.

கொரட்டி பதறவில்லை. இங்கே கடிகாரமே இல்லை, கரைவதற்கு நேரமும் இல்லை.

நாச்சியார் தோற்றாள். அடுத்த ஆட்டத்திலும் தோற்றாள்.

"இது பார்வையில்லாதவங்க சட்டம். எனக்கு எதுக்கு?" என்று பலகையைத் தள்ளினாள். "நில்லுங்க. அடுத்து என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியும். 'உனக்குத்தான் கண்ணு தெரியல.' அதானே?"

"இல்லையே. எனக்குத்தான் தெரியல. நீ தள்ளினதுல என் ராணி கீழ விழுந்துட்டா. தேடி எடு."

நாச்சியார் மேஜைக்கடியில் தவழ்ந்தாள். அங்கே இருந்தபடியே சிரித்துவிட்டாள்.

*

மூன்றாவது வாரம் அழுதுகொண்டு வந்தாள்.

"உங்களால என் ரேட்டிங் போச்சு! எதிராளி ஆடினதை மனசுக்குள்ள சொல்லிட்டு ஆடுறேன். நேரம் ஓடிப்போகுது. நேத்து ஒரு பொடியன்கிட்ட தோத்தேன். 'பேய்க்குதிரைக்கு வயசாயிடுச்சா'ன்னு கேட்டான்."

"அவன் எப்படி ஜெயிச்சான்?"

"ரெண்டு யானையையும் சீசர் வரிசைக்குக் கொண்டுவந்து, என் சிப்பாயை..."

சொல்லிக்கொண்டே போனவள் நடுவில் நின்றாள். அந்தப் பொடியனின் ஆட்டம் முழுவதும் அவள் வாயில் இருந்தது.

ஆனால் கோபம் அடங்கவில்லை. அடங்கவும் கூடாது என்று நினைத்தாள்.

"ஒண்ணு கேக்குறேன் அக்கா. பொய் சொன்னது அவன். நான் எதுக்கு மாறணும்?"

கொரட்டி தன் பலகையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒரு தடவை ஒரு ஆள் என்மேல புகார் குடுத்தார். 'இந்தப் பொண்ணு எல்லாக் காயையும் தொடுது. தொட்ட காயை நகர்த்தணும்ல?' அப்படின்னு."

"அடப் பாவி! தொடாம எப்படிப் பார்ப்பீங்க?"

"நடுவர் சிரிச்சார். கூட்டம் சிரிச்சுது."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"அவர் ஆடினதைத் திருப்பிச் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் ஆடினதைச் சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அது சாயங்காலம் வரைக்கும் போச்சு. அவருக்குத்தான் கஷ்டம்."

*

ஆட்ட நாள் வந்தது. கொரட்டி வரவில்லை. "எனக்கு பேங்க் இருக்கு. உனக்கு வாய் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

விளையாட்டு அரங்கின் நடுவில் ஒரு மேஜை. சுற்றிலும் அணிக்காரர்கள், குழுவினர், வேடிக்கை பார்க்க வந்த விடுதிப் பிள்ளைகள். நாச்சியாரின் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரகுநந்தனின் ஃபோனை யாரும் கேட்கவில்லை. அவளே கேட்டாள். அதையும் வாங்கினார்கள்.

ஆட்டம் தொடங்கியது.

சில நகர்த்தலுக்குப் பிறகு நாச்சியார் மந்திரியை வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள். ரகுநந்தன் யோசித்தான். கூரையைப் பார்த்தான். தண்ணீர் குடித்தான். மீண்டும் கூரையைப் பார்த்தான்.

என்ன இவ்வளவு யோசனை?

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாச்சியார் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய நேரம்.

இணையத்தில் நகர்த்தினால் கடிகாரம் தானாக மாறிவிடும். இங்கே கையால் அமுக்க வேண்டும். அவள் அமுக்கவில்லை. அவன் பார்த்திருக்கிறான். சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. அதனால் தண்ணீர் குடித்திருக்கிறான்.

அமுக்கினாள். பாதி நேரம் போயிருந்தது.

ரகுநந்தன் உடனே வேகத்தைக் கூட்டினான். இப்போது அவன்தான் பேய்க்குதிரை மாதிரி ஆடினான். நாச்சியார் உதட்டுக்குள் முணுமுணுத்தாள்: யானை ஈவா ஒண்ணு... சிப்பாய் ஹெக்டர் நாலு...

"சார், முணுமுணுக்குறா. யாருக்கோ சொல்றா."

"வாயை மூடி ஆடும்மா" என்றார் நடுவர்.

வாயை மூடினாள்.

அவனுடைய சிப்பாய் ஒன்று காவலில்லாமல் நின்றது. அவன் மந்திரியைத் தொடும்போதே அவள் கை தன் ராணியை நோக்கிக் கிளம்பிவிட்டது. பழைய கை. அந்தரத்தில் பிடித்து நிறுத்தினாள்.

முதல்ல அவனோடதைச் சொல்லு.

மந்திரி பின்னால போயிருக்கு. முன்னால வரவேண்டியது எதுக்குப் பின்னால போகணும்?

அந்தச் சிப்பாயை எடுத்தால் ராணி திரும்பி வர வழியில்லை. நல்ல கண்ணி. ஆனால் மந்திரி இதுவரை காத்துவந்த கட்டம் இப்போது காலி.

அங்கே குதிரையை வைத்தாள். கடிகாரத்தை அமுக்கினாள்.

ராஜாவும் யானையும் ஒரே குதிரையின் வாயில்.

ரகுநந்தன் மேலும் கொஞ்ச நேரம் ஆடினான். பிறகு கையை நீட்டினான். அவள் குலுக்கினாள்.

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிரமாதம். ஆனா... குதிரையை அங்க வைக்கணும்னு எப்படிம்மா தெரிஞ்சது?"

அதே கேள்வி.

நாச்சியார் ஆட்டத்தை எழுதிவந்த தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"சொல்றேன் சார். அண்ணா முதல்ல சிப்பாய் டேவிட் நாலு ஆடினாங்க."

"டேவிட் யாரு?" என்றான் ரகுநந்தன்.

"கேளுங்க. நான் குதிரை ஃபெலிக்ஸ் ஆறு. அவங்க சிப்பாய் சீசர் நாலு..."

அவன் ஆடியதைச் சொல்லி, பிறகு தான் ஆடியதைச் சொன்னாள். ஒவ்வொன்றையும் அவன் எதற்காக ஆடினான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். முதலில் சிரித்த விடுதிப் பிள்ளைகள் பிறகு சிரிக்கவில்லை. பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப நான் மந்திரியை வச்சேன். கடிகாரத்தை அமுக்க மறந்தேன். அண்ணா பார்த்தாங்க. தண்ணி குடிச்சாங்க."

ரகுநந்தன் குனிந்துகொண்டான்.

அவள் நிறுத்தவில்லை. முணுமுணுப்பைச் சொன்னாள், புகாரைச் சொன்னாள், கண்ணியைச் சொன்னாள், குதிரையைச் சொன்னாள். கடைசியில் கைகுலுக்கியதையும் சொன்னாள்.

"சரிம்மா, சரி" என்றார் பேராசிரியர். "பேரைத் திரும்பச் சேர்த்துடறோம். இத்தோட விட்டுடலாமே?"

நாச்சியார் அவரைப் பார்க்கவில்லை. எதிரே இருந்தவனைப் பார்த்தாள்.

"இந்த ஆட்டமும் நான் ஆடினது. அந்த ரெண்டு ஆட்டமும் நான் ஆடினது. திருப்பிச் சொல்லுங்க அண்ணா. சத்தமா."