முள் எடுத்த இடம்

விடை தெரிந்துவிட்டது என்று பாதியில் கையைத் தூக்க வேண்டாம். முழுசாகக் கேளுங்கள்.

கரட்டுமலை அடிவாரத்தில் ஒரு மடம். சாமி ஒருவர், சீடர்கள் மூவர். ஆவுடையப்பன் வாய் திறந்தால் ஊரே நின்று கேட்கும். வேலப்பனுக்குப் பேச வராது; முடியாது என்று சொல்லவும் வராது. மூன்றாமவள் மரகதம், நாற்பதைத் தாண்டியவள். மடத்து அடுப்படி அவள் பொறுப்பு. தண்ணீருக்கு மலையைச் சுற்றிக்கொண்டு ஊற்றுக்குப் போகிறவளும் அவள்தான்.

சாமி காசிக்குக் கிளம்பிய அன்று மூவரும் வழியனுப்பப் போனார்கள். ஆண்கள் இருவரும் மூட்டையோடு முன்னே நடந்துவிட்டார்கள். சரிவில் சாமியின் காலில் முள் ஏறியது. கைத்தடியை மண்ணில் ஊன்றிவிட்டு உட்கார்ந்தார். மரகதம் முள்ளை எடுத்துப் போட்டாள். எழுந்தவர் தடியை எடுக்கப் போனார்; எடுக்கவில்லை. முன்னே போனவர்களைக் கூப்பிட்டார்.

"தடி நிக்கிற இந்த இடத்துல கிணறு வெட்டுங்க. திரும்பி வரும்போது இந்தத் தண்ணியிலதான் கால் கழுவிட்டு மடத்துக்குள்ள வருவேன். தண்ணி இல்லேன்னா வாசலோட திரும்பிருவேன். இடத்தை மட்டும் மாத்தாதீங்க."

சொன்னவர் தடியில்லாமலே நடந்து போய்விட்டார்.

"பாத்தியா, ஞானதிருஷ்டி!" என்றார் ஆவுடையப்பன். மறுநாளே தடிக்கு மஞ்சள் துணியும் குங்குமமும் ஏறின. ஊர்ப் பெண்கள் சுற்றி வந்து கும்பிட்டார்கள். மரகதத்துக்கு நாக்கு நுனிவரை வந்தது. திருஷ்டியாவது மண்ணாவது, முள் குத்தாவிட்டால் சாமி அங்கே நின்றிருக்கவே மாட்டார். ஆனால் கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்ற வேலப்பனின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு மண்கூடையை எடுத்தாள்.

தடியைப் பிடுங்கி ஓரமாக நட்டுவிட்டு வெட்டினார்கள். முழங்கால் ஆழத்தில் பாறை. அதற்குக் கீழேயும் பாறை. கடப்பாரை மழுங்கியது, மூவரின் கையிலும் கொப்புளம் கிளம்பியது. அந்தக் கோடையில் மலைக்குப் பின்னால் இருந்த ஊற்றும் வற்றிப்போனது.

ஆவுடையப்பன் கடப்பாரையைக் கீழே போட்டார். "சாமி கண்ணுக்குத் தப்பாதுன்னு நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். தப்பிருச்சே. கீழே ஓடையில நாணல் பச்சையா நிக்குது. பிள்ளைங்க நாக்கு வறண்டு கிடக்கையில இந்தப் பாறையை வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

ஓடையில் தோண்டினார். தண்ணீர் உடனே வந்தது. ஊர் குடித்தது. குழிக்குள் நின்ற இருவருக்கும் அவரே குடத்தில் கொண்டுவந்து ஊற்றினார். அதைத் தப்பு என்று யார் சொல்ல முடியும்? மரகதமும் சொல்லவில்லை. வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி குழிக்குள் இறங்கினாள்.

வேலப்பன் ஒரு தடவைதான் கேட்டான். "அக்கா, தண்ணி இருக்கும்ல?"

"எனக்கெப்படிடா தெரியும்? சாமி வெட்டச் சொன்னாரு. வெட்டு."

கடைசியில் கல் உடைக்கிறவர்கள் செய்வதுபோல் குழி நிறைய விறகை அடுக்கி எரித்தார்கள். பாறை பழுக்கக் காய்ந்ததும் அதைப் பிளக்கக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஆவுடையப்பன் ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தார். "இதையும் உங்க பாறைக்கே ஊத்தித் தொலைங்க" என்றார். ஊற்றினார்கள். பாறை வெடித்தது. புகையும் ஆவியும் அடங்கிச் சாம்பலை அள்ளிப் போட்ட பிறகு, வெடிப்புக்குள் புதிதாக ஒரு கசிவு தெரிந்தது.

சாமி வந்து சேர்ந்தபோது அதில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் ஊறியிருந்தது. அதைச் செம்பில் மொண்டு கால் கழுவிக்கொண்டார். பிறகு ஊர் முன்னாலேயே கேட்டார்: "அன்னைக்கு முள் ஏறினது இங்கதானே மரகதம்? அதுக்குத்தானே தடியை ஊன்றினேன்?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். வேலப்பன் மரகதத்தையே பார்த்தான்.

"ஏன் இவங்ககிட்ட சொல்லலை?" என்றார் சாமி.

"யாரும் கேக்கலையே சாமி. நீங்களும் கிணறுதானே வெட்டச் சொன்னீங்க, முள்ளைப் பத்திப் பேசச் சொல்லலையே."

சாமி சிரித்துவிட்டார். "இனிமே நான் எங்கயும் நடக்கப் போறதில்லை. இந்தத் தடியும் மடமும் உங்கள்ல ஒருத்தருக்கு" என்றார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். தண்ணீர் இருக்கும் என்று நம்பி வெட்டியவன் வேலப்பன். குருவின் சொல்லை விட்டுவிட்டு ஊர்த்தாகம் தீர்த்தவர் ஆவுடையப்பன். அவர் தண்ணீர் இல்லாமல் அந்தப் பாறையும் பிளந்திருக்காது. தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு வெட்டியவள் மரகதம். தடி யார் கைக்குப் போக வேண்டும்?

விடை: சாமி அதை மரகதத்திடம் கொடுத்தார். ஆவுடையப்பன் செய்தது புண்ணியம், அதற்கு ஊரே அவரை வாழ்த்தும். ஆனால் அவர் நம்பியது தாமே கட்டிவிட்ட கதையை. பாறை வந்ததும் கதை உடைந்தது, நம்பிக்கையும் கூடவே போனது. வேலப்பன் தங்கம், ஆனால் அடியில் தண்ணீர் இருக்கிறது என்று நம்பியவனுக்கு வெட்டுவது அத்தனை கஷ்டமில்லை. அந்த இடத்தில் விசேஷம் ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்த்திருந்தும், சொன்னவருக்காக மரகதம் கடைசிவரை வெட்டினாள். வேலப்பனின் நம்பிக்கையிலும் கை வைக்கவில்லை. தடியை வாங்கியவள் முதலில் அதிலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தாள். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரில் அதை நனைத்து, வேலப்பனின் புண்ணான கையில் சுற்றிக் கட்டினாள்.