நீலம் பாரிச்ச சேலை

கோணப்பாக்கத்துல முட்டாள்னு ஒருத்தரும் கிடையாது. சந்தேகம்னா அந்த ஊர்க்காரங்களையே கேட்டுப் பாருங்க.

அங்க மூணு பேரு கூட்டுச் சேர்ந்து, அவுரி இலையிலேருந்து நீலச் சாயம் எடுக்கிற தொட்டி ஒண்ணு போட்டாங்க. தலைவரு ஏகாம்பரம். எட்டாவதுல ரெண்டு தடவை பெயிலானவரு, அதனால மத்தவங்களைவிட ரெண்டு வருசம் கூடுதலா படிச்சவருன்னு மரியாதை. அடுத்து துரைக்கண்ணு. மூணாவது நம்ம வேம்புலி.

மத்த ரெண்டு பேருக்கும் தொழில் நடக்கணும். வேம்புலிக்குக் கல்யாணம் நடக்கணும். அவன் மாமன் மக ரஞ்சிதம், தறியிலேருந்து வந்த வெள்ளைச் சேலையை அவன் கையில குடுத்துக் கறாரா சொல்லிட்டா: "முகூர்த்தத்துக்கு இது நீலமா வரணும். வரலைன்னா நீயும் வராத."

தொழில் கத்துக்குடுக்க டவுன்லேருந்து ஒரு சார் ஜீப்புல வந்தாரு.

"அவுரி இலைக்குள்ள இருக்கிறது குரோமோஜென். நிறம் பிறப்பிக்கிற பொருள். ஆனா அதுக்குன்னு சொந்தமா நிறம் கிடையாது. தொட்டியில வளர்ற கிருமிங்கதான் சாயத்தைத் துணியில ஏறத் தோதாக்கும். தொட்டிக்குள்ள காத்து போகக்கூடாது. உள்ள இருக்கிறதெல்லாம் உயிரு! தவிடும் வெல்லமும் போட்டுப் பச்சப்புள்ள மாதிரி பாத்துக்கங்க" அப்படின்னாரு.

அப்புறம் டீ குடிச்சாரு, போட்டோ எடுத்துக்கிட்டாரு, போயிட்டாரு. புரிஞ்சுதான்னு கேக்கிற வழக்கம் அவரு ஆபீசுல இல்ல.

மூணு பேரும் தொட்டியைச் சுத்தி உக்காந்தாங்க.

"காத்து போகக்கூடாதுன்னாரே, நாம விடற மூச்சும் காத்துதானே?" அப்படின்னாரு ஏகாம்பரம்.

ரொம்பச் சரியான பேச்சு. மூணு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டாங்க. முதல்ல துரைக்கண்ணு விழுந்தான். அவனைத் தூக்கப்போன வேம்புலி அவன் மேலயே விழுந்தான். ஏகாம்பரம் தலைவராச்சே, கடைசியா விழுந்தாரு.

யாரோ தண்ணி தெளிச்சு எழுப்பினதும் அடுத்த விவாதம்.

"கிருமிங்களுக்குத் தவிடும் வெல்லமும் போடச் சொன்னாருண்ணே"ன்னு ஏகாம்பரத்துக்கிட்ட சொன்னான் துரைக்கண்ணு.

"தவிடா? பச்சப்புள்ளைக்கு எவன்டா தவிடு போடுவான்? பால்சோறு ஊட்டு."

"எந்தக் கிருமி வாயில ஊட்டறதுண்ணே? கோடிக்கணக்குல இருக்காம்."

"பெரியவன் சின்னவனுக்குக் குடுத்துக்குவான்டா, ஊத்து."

அவ்வளவையும் தாங்கிக்கிட்டு அந்தத் தொட்டி நல்லாவே புளிச்சுது. கிருமிங்களுக்கு ஜீப்பு சாரோட பேச்சு கேக்கலை, இவங்க பேச்சும் கேக்கலை. அதனால வேலை ஒழுங்கா நடந்துச்சு.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில வேம்புலி சேலையை உள்ள விட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு மூங்கில் கம்பால தூக்கினான். சேலை மஞ்சளும் பச்சையுமா வந்துச்சு.

வேம்புலி அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "அண்ணே, நீலத்தைக் காணமே! ரஞ்சிதம் என்னைச் சேத்துக்க மாட்டாளே!"

ஏகாம்பரம் ஓரத்தை விரலால விரிச்சுப் பாத்தாரு. "நீலம் கெடக்கட்டும்டா. உள்ள இருக்கிறதெல்லாம் உயிருன்னு சார் சொன்னாருல்ல? உள்ளேருந்துதான இது வந்துச்சு? இதுக்கு மஞ்சக்காமாலை."

"கிருமிங்களோட படுக்க வச்சா வேற என்ன வரும்?"ன்னு துரைக்கண்ணு தலையில அடிச்சுக்கிட்டான்.

கீழாநெல்லி பறிக்க அவன் வயக்காட்டுக்கு ஓடினான். வேம்புலி சேலையை மடியில போட்டு விசிறினான். விசிற விசிற, காத்துப் பட்டு ஓரத்துல நீலம் படர்ந்துச்சு. அப்புறம் நடுவுல. பாத்துக்கிட்டிருக்கும்போதே மொத்தச் சேலையும் கருநீலமாயிடுச்சு.

"அண்ணே! உடம்பெல்லாம் நீலம் பாரிச்சுடுச்சு!"ன்னு அலறினான்.

ஏகாம்பரம் முந்தானையில நாடி பிடிச்சுப் பாத்தாரு. தோள்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைச்சாரு. "போயிடுச்சுடா."

கீழாநெல்லியோட ஓடிவந்த துரைக்கண்ணு அதைச் சேலை மேல மாலையா போட்டுட்டான். எல்லாம் முறைப்படி நடந்துச்சு. சங்கு ஊதினாங்க, மேளம் வச்சாங்க, ஏரிக்கரையில குழி வெட்டிப் புதைச்சாங்க.

சாயங்காலம் ரஞ்சிதம் வந்தா. வேம்புலி மொட்டைத் தலையோட ஈரத்துணியில உக்காந்திருந்தான்.

"எங்க என் சேலை?"

"மனசைத் திடப்படுத்திக்க ரஞ்சிதம். புதைச்சுட்டோம்."

"புதைச்சீங்களா! சாயம் ஏறலையா?"

"ஏறுச்சே! மயிலு கழுத்து மாதிரி நீலம். அதைப் பாத்துத்தான செத்துப்போச்சுன்னே தெரிஞ்சுது."

ரஞ்சிதம் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "அப்ப நாளைக்குக் கல்யாணம்?" அப்படின்னா.

வேம்புலி மொட்டையைத் தடவிக்கிட்டு, ரொம்பப் பெருந்தன்மையா சொன்னான்: "சேலை உன்னுது. அதனால தீட்டு உங்க வீட்டுக்குத்தான். உங்க பக்கம் மொட்டை போட ஆளில்லைன்னு நான் போட்டுக்கிட்டேன், அது வேற. எங்க பக்கம் ஒரு தடையும் இல்ல. நீ மட்டும் வராம இருந்தியானா, நாளைக்கே ஜாம்ஜாம்னு நம்ம கல்யாணத்தை முடிச்சுடலாம்."