வயிறு போர்த்தும் துண்டு

மாட்டுச் சந்தைக்குப் பக்கத்து மடத்தில் ஒரு குரு இருந்தார். வயது முப்பத்தைந்து. அவருடைய சீடர் கொம்பையா அறுபதைத் தாண்டிய மாட்டுத் தரகர். அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. கைகளைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்துப் பேசுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கொம்பையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சாமி, என் தம்பி சுடலைமுத்தைத் தலைமுழுகப்போறேன். உத்தரவு குடுங்க."

"என்ன செஞ்சான்?"

"கூடப்பொறந்தவன் செய்யிற வேலையா அது? என் காளைக்கு, துண்டுக்கடியில என் விரலையே பிடிச்சு, கன்னுக்குட்டி விலை கேக்கான்! துண்டை உருவி எறிஞ்சேன். 'பாருங்கய்யா, சுடலைமுத்து கேக்குற விலையை!'ன்னு சந்தை முழுக்கச் சொன்னேன். தலையைக் குனிஞ்சு போனவன், 'இனி அண்ணன்னு கூப்பிட மாட்டேன்'னு சொல்லி அனுப்பியிருக்கான். அவனுக்கு ரோஷமாம்! இங்க என் வயிறு எரியுது. புண்ணுங்காரு டாக்டர். வயித்து அமிலமே வயித்தைத் தின்னுட்டுதாம். அறுவது வருஷம் சோறு போட்டேனே, நன்றிகெட்ட வயிறு!"

"ஆட்டெலும்பைக் கரைக்குற அமிலம். இத்தனை நாள் உம்மை ஏன் கரைக்கல?"

"அதை நான் என்னத்தைக் கண்டேன்?"

"வயிறு தன் உள்சுவர்மேல வழுவழுன்னு ஒண்ணைப் பூசிக்கிடுது. அமிலம் அந்தப் பூச்சுக்கு அங்கிட்டு. பூச்சு எங்க கிழியுதோ, அங்க தன் வீட்டையே கடிக்கும்."

"அப்ப அந்தச் சனியன் பிடிச்ச அமிலத்தை ஊறவிடாம நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சோறு செரிக்காது."

குரு எட்டி, கொம்பையாவின் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். வெறுங்கையை நீட்டினார்.

"மடத்துப் பசுவுக்கு விலை பேசும்."

"துண்டில்லாமலா? நல்லாருக்கே கதை! நாலு பேர் பார்த்தா ரெண்டு பேர் மானமும் போகும். உள்ளுக்குள்ள எப்படிக் கிள்ளினாலும் மேல துண்டு கிடந்தாத்தான் எந்திரிச்சு ஒண்ணா டீ குடிக்க முடியும். இதுகூடத் தெரியாம..."

கொம்பையாவின் கண் குருவின் மடியில் கிடந்த துண்டில் போய் நின்றது. நின்ற வேகத்தில் கோபம் மறுபடி மூண்டது.

"அதுக்காக? அவன் கேட்டது விலையா சாமி? வாயைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா நான்? நியாயம் யார் பக்கம், அதை மட்டும் சொல்லுங்க!"

"நியாயம் உம்ம பக்கந்தான், தரகரே. புண்ணும் உம்ம பக்கந்தான்."