அரசரின் கட்டைவிரல்

முன்னொரு காலத்தில், கணினியும் இருந்து ராஜாவும் இருந்த ஒரு குட்டி நாடு. அரண்மனை, களஞ்சியம், ஏரி மதகு மூன்றிலும் கணினி வைத்து ஒரே கம்பியில் இணைத்திருந்தார்கள். காவல் மட்டும் அவரவர் பொறுப்பு. ராஜவிசுவாசத்தில் எல்லோரும் கடவுச்சொல்லாக அரசர் பெயரையே வைத்துத் தொலைத்தார்கள். எந்தத் திருடனுக்குத்தான் அது தெரியாது? களஞ்சியக் கணினிக்குள் ஒருவன் புகுந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் போனான்.

"இனி மூன்றுக்கும் ஒரே பூட்டு. அது இந்தச் சபையில் இருக்கட்டும்" என்றார் அரசர்.

விகடகவி தாண்டவனைக் கண்டாலே அமைச்சர் மாறநம்பிக்கு வயிறு எரியும். "அந்தப் பூட்டைத் தாண்டவரே காக்கட்டும், மன்னா. அந்நியன் ஒருவன் நுழைந்தாலும் அவர் தலை போகட்டும்."

"அப்படியே ஆகட்டும். தாண்டவா, என் அனுமதியின்றி யாருக்கும் திறக்காதே."

'என் அனுமதியின்றி' என்ற அந்தச் சொல்லையே தாண்டவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சிம்மாசனத்தின் கைப்பிடியில் ரேகைக் கருவி ஒன்றைப் பதித்தான். அரசர் கட்டைவிரல் வைத்தால்தான் எந்தக் கணினியும் திறக்கும். விடிந்ததிலிருந்து வரிசைதான். நெல் அளக்க ஒரு தடவை, யானைக்குக் கரும்பு எடுக்க ஒரு தடவை. அரசரே சலித்துப்போய் உத்தரவை மாற்றிவிடுவார் என்று நினைத்திருந்தான். மழை வரும் என்று நினைக்கவில்லை.

அரசர் எண்ணெய்க் குளியலில் இருந்தபோது மதகுக்காரி செங்கமலம் சொட்டச் சொட்ட நனைந்து ஓடி வந்தாள். "ஐயா, ஏரி தளும்புது! மதகைத் தொறக்கப் போனா உத்தரவு இல்லைங்குது அந்தக் கணினி. கீழத்தெருவுல புள்ளைங்க இருக்குதுங்க!"

தாண்டவன் அரசரை இடுப்புத் துண்டோடு இழுத்து வந்தான். எண்ணெய் விரலைக் கருவி ஏற்கவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். ஊறிச் சுருங்கிய விரலையும் அது ஏற்கவில்லை. தணலில் காட்டி உலர்த்திய பிறகுதான் மதகு திறந்தது. அதற்குள் கீழத்தெரு வாசற்படிகளுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, உயிர் எதுவும் போகவில்லை.

"இவன் தலையை எடுக்க ஆணையிடுங்கள், மன்னா" என்றார் மாறநம்பி.

"அந்நியன் யாரும் நுழையவில்லை, மன்னா. நம்மவர்களாலும் நுழைய முடியவில்லை" என்றான் தாண்டவன். "பூட்டு அந்தந்த இடத்திலேயே, வேலை செய்கிறவர் கையில் இருக்கட்டும். அது உருப்படியான பூட்டுதானா என்று பார்த்து வர மட்டும் ஒருவரை வையுங்கள்."

அரசர் சிவந்துபோன தம் விரலைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. "அந்த வேலை உனக்கே. பொன்னும் தருகிறேன். உன் தலையையும் உனக்கே திருப்பித் தந்தேன்."

"எல்லோருக்கும் அவரவர் தலையைத் திருப்பித் தந்துவிடுங்கள், மன்னா. அவையும் ஒரே கையில்தான் இருக்கின்றன."

அரசரின் சிரிப்பு நின்றது. பிறகு, இனி இந்நாட்டில் யார் தலையும் வாங்கப்படாது என்று ஆணையிட்டார். சபையில் முதலில் மூச்சு விட்டவர் மாறநம்பிதான்.