பத்து ரூபாய்க் கரண்டு

காற்று சும்மாதானே வீசுகிறது, அதில் வரும் கரண்டைப் பத்து ரூபாய்க்கு விற்றால் நட்டம் வருமா, சொல்லுங்கள் பார்ப்போம்?

வரவே வராது என்றார் ஜெயசீலன் முதலாளி. ஆரல்வாய்மொழி மண்டபத்தில் காற்றாலைக்குப் பங்கு சேர்க்கும் கூட்டம். "மின்சாரச் சந்தையில் நாம் மலிவாகக் கொடுத்தாலும், அந்த நேரத்தில் தேவைக்காகக் கடைசியாக வாங்கிய, விலை கூடிய கரண்டின் விலைதான் எல்லாருக்கும் கிடைக்கும். நேற்று சாயங்காலம் யூனிட் பத்து ரூபாய்! இதில் ஓட்டை கண்டுபிடிப்பவருக்கு நானே டீ ஊற்றிக் கொடுக்கிறேன்."

ஓய்வுக்காலப் பணம் மொத்தத்தையும் போட, சுயம்பு வாத்தியார் பேனாவைத் திறந்தார்.

டீ கொடுக்க வந்த இசக்கித்தாய் தட்டோடு நின்றாள். "முதலாளி, நேத்து சாயங்காலம் உங்க காத்தாடி சுத்திச்சா?"

"நேத்து ஏதும்மா காத்து? இலைகூட அசையலியே."

"அதான் பத்து ரூவா. எங்க வீட்டுப் பிச்சிப்பூவும் இப்படித்தான். தோவாளைச் சந்தையில விலை ஏறுற அன்னைக்கு, செடியில நாலு மொட்டு இருக்காது. செடி கொள்ளாம பூக்குற அன்னைக்கு ஊர்ப் பூவெல்லாம் வந்து குவிஞ்சிரும், கேக்க ஆளிருக்காது. காத்தடிச்சா உங்க காத்தாடி மட்டுமா சுத்தும்?"

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். மலையடிவாரம் முழுக்கக் காற்றாடிகள்.

"காத்தடிக்கிற அன்னைக்கு யூனிட் என்ன விலை சார்?" என்றார் வாத்தியார். முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

வாத்தியார் பேனாவை மூடினார்.

"முதலாளி, அந்தத் தட்டைக் கொஞ்சம் வாங்கிக்கிடுங்க. இசக்கித்தாய்க்குச் சீனி தூக்கலா ஒரு டீ குடுங்க."